வலைக்குப் பின்னால் ஐந்தடி

பிளாக் 18, நெய்வேலி
11.11.2018

தம்பி வளவனுக்கு,

அக்கா எழுதுவது. தீபாவளியன்று சாயங்காலம் போன் செய்து நலம் விசாரித்த கையோடு, கொல்லைப்புறம் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டாய். எனக்குப் பகீரென்றது. பாதியில் போனை வைத்ததற்கு வருத்தப்படாதே. நீ போனில் ஒன்று சொல்வாய், மறுநாள் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். அதனால் இனி எதுவாக இருந்தாலும் எழுது. எழுதினால் நானும் நாலு தடவை நிதானமாகப் படித்துப் பார்ப்பேன்.

உன்னை நம்பி ஒருமுறை அந்தக் கொல்லையைக் கொடுத்தேன். ஜப்பான் காடை வளர்க்கிறேன் என்று கூண்டு கூண்டாக அடுக்கினாய். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். குவார்ட்டர்ஸில் வியாபாரம் செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. நீ காடைகளை அப்படியே போட்டுவிட்டுப் பெங்களூருக்கு பஸ் ஏறினாய். உன் மாமாதான் போய்த் தலையைக் குனிந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது அவரும் இல்லை. அவர் போன பிறகு எனக்குக் கிடைத்த ஸ்டோர்ஸ் வேலையும், அந்த வேலையால் கைவிட்டுப் போகாமல் நின்ற இந்த வீடும்தான் எனக்கென்று இருப்பது. இன்னொரு நோட்டீஸ் வந்தால் நான் எங்கே போவேன்?

கால்ஃப் பழக வலை கட்ட வேண்டும் என்றாய். நீ வேலை பார்ப்பதே கால்ஃப் பழகுகிற ரேஞ்சில். கண்ணுக்கு எட்டின மட்டும் புல்வெளி என்று நீதான் படம் அனுப்பினாய். அத்தனை பெரிய இடத்தை விட்டுவிட்டு, என் துணி காய்கிற கொல்லையில் வந்து அடிக்க உனக்கு என்ன தலையெழுத்து? இதற்கு முதலில் பதில் எழுது.

ஆதிலட்சுமி


பெங்களூரு
18.11.2018

அன்புள்ள அக்கா,

கஜா புயல் தெற்கே திரும்பிவிட்டது என்று டிவியில் பார்த்தேன். நெய்வேலியில் வெறும் மழைதான் என்றார்கள். அப்படித்தானே?

நீ கேட்டது நியாயமான கேள்வி. ரேஞ்சில் பகல் முழுக்கக் காசு கட்டியவர்கள் அடிப்பார்கள். நான் அவர்கள் நிற்கிற நிலையைத் திருத்திவிட்டு, பந்து பொறுக்கிக் கொண்டிருப்பேன். நானே அடிக்க நேரம் ஏது? பிப்ரவரியில் பயிற்சியாளர் பரீட்சை இருக்கிறது. அதில் தேறினால் நிரந்தரமாக ஒரு பிழைப்பு. பொங்கலுக்கு லீவு போட்டு வந்தால் அங்கே நாள் முழுக்கப் பழகலாம்.

என்னிடம் சிமுலேட்டர் மெஷின் ஒன்று இருக்கிறது. செங்கல் அளவுதான். பந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடித்தால், அந்தப் பந்து திறந்த மைதானத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கும், எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று டேப்லெட்டில் படமாகக் காட்டும். நிஜப் பந்தைப் பிடித்து நிறுத்தத்தான் வலை.

எந்த வலை என்பதில்தான் குழப்பம். பையிலிருந்து எடுத்து உதறினால் கூடாரம் மாதிரி விரிகிற வலை இருக்கிறது. நல்ல காற்றடித்தால் அது பட்டம்மாள் வீட்டுக் கூரைக்குப் போய்விடும். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மாட்டுகிற வலை கெட்டியாக நிற்கும், ஆனால் கழற்ற அரைநாள் ஆகும், எஸ்டேட்காரர்கள் வந்தால் சட்டென்று எடுத்து மறைக்க முடியாது. வளைகிற கம்பியில் இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒன்று இருக்கிறது, கால் மணியில் மடக்கிவிடலாம். அதுதான் சரி என்று படுகிறது.

பந்திலிருந்து வலைக்குப் பத்தடி வேண்டும். வலைக்குப் பின்னால் ஐந்தடிக்கு எதுவுமே இருக்கக் கூடாது. பந்து பட்டதும் வலை பின்னால் போய் வாங்கிக் கொள்ள வேண்டும். நேர் வெயில் பட்டால் மெஷினுக்குக் கண் தெரியாது, நிழல் முக்கியம். கொஞ்சம் அளந்து எழுது.

வளவன்


பிளாக் 18, நெய்வேலி
25.11.2018

தம்பி வளவனுக்கு,

எஸ்டேட்காரர்கள் வந்தால் மறைக்க வேண்டிய பொருள் என்று நீயே எழுதிவிட்டாய். பரீட்சைக்குப் பழகுகிறவன் எதற்கு மறைக்க வேண்டும்? ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கால்ஃப் சொல்லித் தரப் போகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அளந்தாயிற்று. வடக்கு தெற்காக இருபத்தாறடி, கிழக்கு மேற்காகப் பதினெட்டு. தானே புயலில் பலாமரம் விழுந்த பள்ளம் இப்போது மட்டமாகிவிட்டது. மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் கொல்லை முழுக்க விழுகிறது. துணிக்கொடிக் கம்பத்தின் உச்சி பத்தடி உயரம். வடக்கே பட்டம்மாள் வீட்டுச் சுவர். அதில் ஒரு பந்து பட்டாலும் அவள் சும்மா இருக்க மாட்டாள். அளப்பதைப் பார்த்ததுமே வேலியோரம் வந்து நின்றாள். "மறுபடியும் காடையாங்க? அந்த நாத்தத்துல நாங்க எப்பிடிக் குடியிருந்துகினு இருக்கறது?" என்றாள். வலை என்றேன். வலை எதற்கு என்று கேட்டாள். எனக்கே தெரியாததை நான் என்ன சொல்ல?

கடலூர் துறைமுகத்தில் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்குமாம். அது ஆகாதா?

இன்னொன்று. போன தடவை கவரில் அனுப்புநர் முகவரியாக ரேஞ்ச் பெயர் இல்லை. யாரோ செங்குட்டுவன் ரூம் என்று இருக்கிறது. ரேஞ்சில் கொடுத்த அறை என்ன ஆயிற்று?

வருவதானால் தேதியை முன்கூட்டியே எழுது. திடீரென்று வந்து வாசலில் நிற்காதே. எனக்கும் ஷிஃப்ட், வேலை என்று இருக்கிறது.

ஆதிலட்சுமி


பெங்களூரு
3.12.2018

அன்புள்ள அக்கா,

மீன்வலை வேண்டாம். கண் பெரிசாக இருந்தால் எலுமிச்சம்பழம் அளவுப் பந்து நுழைந்து வெளியே போய்விடும். சின்னக் கண் வலையாக இருந்தாலும் வெயிலில் இற்றுப்போன நூல் இந்த வேகத்துக்கு ஒரு வாரம் தாங்காது. நேராக ஒரு வலை மட்டும் போதாது என்றும் இப்போது தோன்றுகிறது. கிளப் என்கிற மட்டையின் கழுத்தில் பட்டால் பந்து நேரே போகாமல் வலப்பக்கம் பாய்ந்துவிடும். தேர்ந்தவனுக்கே நடப்பதுதான். அதனால் இரண்டு பக்கமும் இறக்கை வைத்த வலையாகப் பார்க்கிறேன்.

செங்குட்டுவன் என் நண்பன். ரேஞ்ச் அறையில் தண்ணீர்க் கஷ்டம், அதனால் அவனோடு தங்கியிருக்கிறேன். வேறொன்றும் இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போவதும் இல்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இருபத்தாறடியைத் தனியாளாக எப்படி அளந்தாய்? டேப்பின் அந்த முனையை யாராவது பிடிக்க வேண்டும். பத்தடிக் கம்பத்தின் உச்சியை அளக்க ஏணி ஏற வேண்டும். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே பயப்படுகிறவள் நீ. அப்புறம், ஸ்டோர்ஸில் உனக்கு எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட்தானே? காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற உனக்கு, நான் எந்த நாள் வந்தால் என்ன? திடீரென்று வந்து நிற்காதே என்று சொந்தத் தம்பிக்கு எழுதும்படி அங்கே என்ன நடக்கிறது?

வளவன்


பிளாக் 18, நெய்வேலி
10.12.2018

வளவனுக்கு,

டேப்பைப் பிடித்தது பட்டம்மாள். கம்பத்தை அளந்தது எலெக்ட்ரீஷியன். போதுமா?

என்னைக் குடைவதை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல். வெள்ளிக்கிழமை மதியம் உன் ரேஞ்ச் நம்பருக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. மறுபடியும் போட்டேன், அதையேதான் சொல்கிறது.

ஆதிலட்சுமி


பெங்களூரு
19.12.2018

அக்கா,

ரேஞ்ச் நம்பர் மாறிவிட்டது. புது நம்பர் வந்ததும் தருகிறேன்.

பட்டம்மாளுக்குப் போன் செய்தேன். காடைச் சண்டையின்போது வாங்கி வைத்த நம்பர், இன்னும் அதேதான். டேப் பிடித்ததற்கு நன்றி சொன்னேன். "நா எங்கப்பா டேப்பு புடிச்சேன்? பெல்ட் செக்‌ஷன்ல வேல செய்யிறாரே கொளஞ்சிநாதன், அவருதான் ஞாயித்துக்கெழம வந்து அளந்துகினு இருந்தாரு. அடிக்கடி வராருப்பா" என்றது. அந்தக் கடைசி வார்த்தையை எப்படி இழுத்தது தெரியுமா?

கூடப்பிறந்தவனிடம் பொய் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? மாமா போய் ஐந்து வருஷம்தான் ஆகிறது. அந்த ஆள் யார்? நம்ம ஆட்களில் யாரும் அந்தப் பெயர் வைப்பதில்லை. எந்த ஊர், என்ன உறவு என்று வந்து போகிறார்?

வலை வாங்கிவிட்டேன். இறக்கை வைத்தது. பெட்டி உன் முகவரிக்கே வரும். போகியன்று காலை நானும் வருகிறேன். தேதி முன்கூட்டியே சொல்லியாயிற்று.

வளவன்


பிளாக் 18, நெய்வேலி
27.12.2018

தம்பி வளவனுக்கு,

பெட்டி வந்தது. கொளஞ்சிநாதன்தான் பிரித்து, கட்டிப் பார்த்துவிட்டு மடக்கி வைத்தார். கொல்லைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. அந்த விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல முடியாது.

பொய் எழுதியது தப்புதான். நீ பொய் எழுதுகிறாய் என்று தெரிந்த கோபத்தில் நானும் எழுதிவிட்டேன். அவர் காடாம்புலியூர்க்காரர், முந்திரிக்காடு வைத்திருக்கிற குடும்பம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் பெர்மனென்ட். பிளாக் 11இல் தனியாக இருக்கிறார். அவர் எனக்கு யார் என்பதை நேரில் சொல்கிறேன். ரேஞ்ச் கதையை நீயும் நேரில் சொல்லிவிடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்தது போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. பந்து பட்டம்மாள் சுவரில் படக் கூடாது. வலை கிழிந்து போய்ப் பட்டால்கூட அவள் எஸ்டேட் ஆபீஸுக்கு ஓடுவாள். இதைச் சொல்லிப் புலம்பிக் கொண்டிருந்தேன். "அத நா பாத்துக்கறேங்க, நீங்க விசனப்படாதீங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஆதிலட்சுமி


பிளாக் 18, நெய்வேலி
20.1.2019

வளவனுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. உன் பையைக் காணோம். மெஷினும் வலையும் கொல்லையிலேயே இருந்தன. காடையை விட்டுப் போன மாதிரியே விட்டுப் போயிருந்தாய்.

கொளஞ்சிநாதனுக்குப் புருவத்தின் மேல் ஏழு தையல். கண் தப்பியது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நீ கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும் அல்லவா?

அன்றிலிருந்து அதையே நினைத்துக் கொண்டிருக்கிறேன். சுரங்கத்தில் ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு மண் கொட்டுகிற இடத்தில், கட்டிகள் தெறிக்காமல் இருக்கப் பழைய பெல்ட் துண்டைத் திரை மாதிரித் தொங்கவிடுவார்கள். எவ்வளவு பெரிய கட்டி வந்தாலும் அதில் பட்டு அப்படியே கீழே விழுந்துவிடும். இருபது வருஷமாக அவர் பார்த்தது அதைத்தான். பட்டம்மாள் சுவருக்காக, வடலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெல்ட் துண்டு வாங்கி வந்து, மாட்டுப்பொங்கலன்று காலையில் வலையை ஒட்டிப் பின்னால் கட்டினார். பந்தும் மண்கட்டி போல விழும் என்று நினைத்தார். மூன்று மணிக்கு நிழல் வந்ததும் நீ அடித்தாய். டேப்லெட்டில் பந்து பச்சைப் புல் மேல் பறந்து போய்க்கொண்டே இருந்தது. நிஜப் பந்து பெல்ட்டில் மோதித் திரும்பி வந்து, படத்தைக் குனிந்து பார்த்துக் கொண்டிருந்த அவர் நெற்றியில் அடித்தது.

வலைக்குப் பின்னால் ஐந்தடிக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதியவன் நீ. நான் அதைப் படித்தேன், மறந்தும் போனேன். எனக்கு இந்த விளையாட்டு தெரியாது, நான் மறக்கலாம். இதையே பிழைப்பாக வைத்திருக்கிற நீ மறப்பாயா? முதல்நாள் ராத்திரி நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதைச் சொன்னேன். நீ எழுந்து வெளியே போனாய். மறுநாள் பகலில் இது நடக்கிறது.

நேராகவே கேட்கிறேன். அந்த பெல்ட் அங்கே தொங்குவது அடிக்கும்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் எழுது.

ஆதிலட்சுமி


பெங்களூரு
27.1.2019

அக்கா,

தெரியும்.

அவர் ஏணியில் நின்று கட்டும்போது நான் பின்வாசலில் பல் விளக்கிக் கொண்டிருந்தேன். இதில் பட்டால் பந்து திரும்பும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்போது நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்பிடித் தோதுப்படுதோ அப்பிடிக் கட்டுங்க" என்றாய். மாமாவிடம் பேசுகிற அதே குரல். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவரை அடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பந்து திரும்பி வந்து என் காலடியில் உருளும், இதெல்லாம் உங்கள் சுரங்கத்துக்குத்தான் சரி, இங்கே உதவாது என்று உன் முன்னால் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் முகம் சின்னதாகிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நன்றாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே பலமாக அடித்தேன். அவர் தள்ளித்தான் நின்றார். நான் கிளப்பை ஓங்கிய பிறகு மெஷின் பக்கம் வந்து குனிந்தார். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அவரைத் தாங்கிப் பிடித்து நீ கத்தினதைப் பார்த்தேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

கேட்டதற்கு மட்டும் எழுதச் சொன்னாய். இருந்தாலும் இதையும் எழுதிவிடுகிறேன். ரேஞ்சை செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி வரப் போகிறது. போகும்போது முதலாளி பழைய மெஷினை என் கையில் கொடுத்து, வைத்துப் பிழைத்துக்கொள் என்றார். செங்குட்டுவன் ரூமில் இதற்கு மேல் இருக்க முடியாது. எனக்குப் போக வேறு இடம் இல்லை. உன் வீட்டில் வந்து இருக்கட்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் வலை கட்ட இடம் கேட்டேன்.

இனி அந்தப் பக்கம் வர மாட்டேன். வலையையும் மெஷினையும் யாருக்காவது கொடுத்துவிடு.

வளவன்


பிளாக் 18, நெய்வேலி
3.2.2019

தம்பி வளவனுக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் ஒருநாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிரிக்கவே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் கட்டுப் போட்ட நெற்றியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒங்க தம்பி பெல்ட்ட பாத்துட்டுத்தாங்க அடிச்சாரு. நா கட்டும்போதே பாத்துகினு இருந்தாரு. ஏன்னு எனக்குப் புரியுதுங்க. அவரே சொல்றாரான்னு பாப்போம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவ்வளவும் தெரிந்துதான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தெரியாது என்று எழுதியிருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன். மெஷினையும் வலையையும் லாரியில் ஏற்றிவிட்டு, எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை என்று இருந்திருப்பேன். முதல் வரியில் 'தெரியும்' என்று பார்த்ததும் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேனா, நிம்மதியில் அழுதேனா என்று கேட்காதே.

இடம் இல்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமேடா. திட்டியிருப்பேன், திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன்.

பங்குனியில் பதிவுக் கல்யாணம். காடாம்புலியூரில் அவர் அம்மா இன்னும் சரி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள் போலிருக்கிறது. அவர் பக்கம் யாரும் வர மாட்டார்கள். என் பக்கம் நிற்க நீ ஒருவன்தான் இருக்கிறாய். முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். பரீட்சை எழுதுகிறவரை இரு, அதற்குப் பிறகும் வேலை கிடைக்கிறவரை இரு.

ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்பது உன் பாடு. அதற்கு நான் நடுவில் வர மாட்டேன், கூடவும் வர மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பையோடு நேராக பிளாக் 11க்குப் போ. பேசி முடித்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.

அக்கா